அபராதம் கேட்டு வந்தவள்

இந்த வருஷம் சீனப் புத்தாண்டும் எங்கள் நெல்லும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. வழக்கமாக அப்படி வருவதில்லை. புத்தாண்டு நிலாவைப் பார்த்து நடக்கிறது, எங்கள் நாற்று மழையைப் பார்த்து நடக்கிறது. சில வருஷம் புத்தாண்டின்போது வயல் இடுப்பளவு பச்சையாக இருக்கும். சில வருஷம் அறுவடையே முடிந்து, எருமைகள் தாளை மேய்ந்துகொண்டிருக்கும். இந்த முறை மழை முந்திப் பெய்ததால் நாற்று முந்தியே வயலுக்குப் போனது. புத்தாண்டோ பிந்தி வந்தது. கதிர் பால் பிடித்து, நுனியில் மட்டும் மஞ்சள் இறங்கத் தொடங்கிய நேரம்.

அந்த நேரத்தில் எங்கள் ஊரில் யாரும் வயலோரம் குரலை உயர்த்துவதில்லை. வெண்கலக் கோங் அடிப்பதில்லை, மரம் சாய்ப்பதில்லை. கணவன் மனைவி சண்டைகூட ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த்தான். நெல்லின் ஆவி கதிருக்குள் வந்து உட்காரும் காலம் அது. பயந்தால் எழுந்து போய்விடும். அப்புறம் கதிர் நிற்கும், உள்ளே பதர்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனாலும் இந்த விஷயத்தில் யாரும் துணிந்து விளையாடுவதில்லை.

அந்த வாரத்தில்தான் மொய்லான் அக்கா சரவெடி வெடித்தாள்.

மொய்லான் என் அப்பாவின் தங்கை மகள். அவளுடைய அப்பா லியூ மாமா ஹக்கா சீனர். வாலிபத்தில் உப்புக்கருவாடும் மண்ணெண்ணெயும் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர், பாலத்தடியில் கடை போட்டார், என் அத்தையைக் கட்டினார், அப்படியே இருந்துவிட்டார். ஞானஸ்நானத்தில் அக்காவுக்கு வைத்த பெயர் மார்செலா. பாதிரியார் ஒருவரைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அத்தை போய் ரொம்ப நாளாகிறது. லியூ மாமா போன ஆவணியில் போனார். கடையையும், கடைக்குப் பின்னால் பன்றிப் பட்டியையும், ஓடைக்குக் கீழே அம்மாவின் வயலையும் அக்கா ஒருத்தியே பார்த்துக்கொள்கிறாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "வந்த மாப்பிள்ளை எல்லாம் என்னைப் பாக்காம கடையைத்தானே பாத்தான்" என்பாள்.

முதுகுக்கூடை நிறைய நெல்லை ஏற்றிக்கொண்டு மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறுவதில் எங்கள் ஊரில் அவளுக்கு நிகர் கிடையாது. டவுன் வியாபாரியிடம் ஹக்கா மொழியில் பேரம் பேசும்போது அவன் தன் கணக்கை மறந்துவிட்டு அவள் கணக்கை ஒப்புக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் டவுனில் பன்றித் தீவனம் எடுக்கப் போனால் அவள் மலைக்காரி. லியூ குலத்தார் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு விருந்து நடக்கும். அங்கே போனால், "உங்க ஹக்கா எவ்வளவு நல்லாயிருக்கு, எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பார்கள். ஊருக்குத் திரும்பினால், சண்டை வந்த நாளில் சீனத்தி, சண்டை வராத நாளில் மொய்லான். அவள் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். அவளுக்கு அது ஒரு பொருட்டில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

புத்தாண்டுக் காலையில் கெனிங்கா டவுனிலிருந்து அவளுடைய பெரியப்பா மகன் கொக் சியோங் வேனில் வந்திறங்கினான். ஆரஞ்சுப் பழம் ஒரு பெட்டி, கையளவு தடிமனில் இரண்டு சரவெடி. லியூ மாமா இருந்தவரை வருஷம் தவறாமல் கடை வாசலில் வெடிப்பார். அவர் இல்லாத முதல் புத்தாண்டு. அவர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு, சரத்தைக் கூரை விளிம்பிலிருந்து தொங்கவிட்டுப் பற்ற வைத்தாள் அக்கா. மனசு முழுவதும் அப்பாவிடம் இருந்திருக்க வேண்டும். கடை வாசல் பாலத்தைப் பார்த்தது, பாலத்துக்கு அப்பால் வயல்.

நான் அப்போது பாலத்தில் நின்றிருந்தேன். முதல் வெடியின் சத்தம் மலையில் மோதித் திரும்பி வருவதற்குள் மீதியெல்லாம் வெடித்துக்கொண்டிருந்தன. வயலிலிருந்து சில்லைக் குருவிகள் ஒரு போர்வையைத் தூக்கி உதறியது போல எழுந்து, ஆற்றைத் தாண்டிப் போயின. அக்கா அதைப் பார்த்தாள். ஊதுபத்தி வாசனை பிடித்த கையை அப்படியே வாயில் வைத்துக்கொண்டாள்.

கானித்தும் அதைப் பார்த்தாள். அக்காவின் வயலுக்கு அடுத்த வயல்காரி. வரப்பு, வாய்க்கால், கோழி என்று வருஷம் பூராவும் அக்காவோடு ஏதாவது வழக்கு வைத்திருப்பவள். வரப்பிலிருந்து ஓடிவந்தாள். உரக்கப் பேசக்கூடாது என்பதால் கிசுகிசுவென்றே திட்டினாள். கழுத்து நரம்பு புடைக்க அப்படி ஒரு கிசுகிசுப்பை நான் கேட்டதில்லை.

"ஏண்டி சீனத்தி, கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? கதிரு பால் குடிச்சிட்டு இருக்கு, அது காதுல வெடியா வைக்கிற?"

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. சத்தியமா, நெனப்பே இல்ல."

"நெனப்பில்லையா? வெளியூர்லேர்ந்து வந்தவளா நீ? சுமினா வயித்துல பொறந்தவதானே? ஒங்கம்மா இருந்திருந்தா ஒன்ன உரிச்சிருப்பா. எனக்குப் பதில் சொல்லு. ஊருக்குப் பன்னி வெட்டு. இல்லாட்டி நான் விடமாட்டேன், ஆமா."

கொக் சியோங்குக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்தம்மா ஏன் ரகசியம் பேசுறாங்க?" என்று எல்லோருக்கும் பொதுவான சந்தைப் பேச்சில் என்னைக் கேட்டான்.

மதியம் ஊர் மண்டபத்தில் கூடினார்கள். ஊர்த்தலைவர் என் அப்பா லும்பிஸ். பெரியவர்கள் மூன்று பேர். ஆவிகளை அழைத்துப் பேசுகிற பொபோலியான் சொய்மின், காலை நீட்டிப்போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். எங்கள் வழக்கத்தில் இப்படி ஒரு தப்பு நடந்தால் சூடு உண்டாகிவிட்டது என்போம். தப்புச் செய்தவர் பன்றியும் தாபாய் என்கிற அரிசிக் கள்ளும் கொடுத்து அந்தச் சூட்டைத் தணிக்க வேண்டும். அதற்குச் சோகித் என்று பெயர்.

கானித் தன் புகாரைச் சொல்லி முடித்தாள். அக்கா எழுந்து, "நான்தான் வெடிச்சேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். அக்கா மேல் அவருக்கு உயிர். தங்கை விட்டுப்போன ஒரே பிள்ளை. "புள்ள வேணும்னு பண்ணல. அது அவங்க வழக்கம், புத்தாண்டுக்கு வெடிப்பாங்க. வழக்கம் வேறயா இருக்கிறவங்க தெரியாமப் பண்ணினா, அத விருந்தாளி பண்ணின தப்பாத்தான் எடுத்துக்கணும். விருந்தாளிக்குச் சோகித் கெடையாது. ஊர் சார்பா நாமளே ஒரு கோழி அறுத்துக்குவோம். முடிஞ்சுது."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு பன்றி என்பது சின்ன விஷயமா?

"சரி, தலைவரே," என்றாள் கானித். "விருந்தாளின்னா, மொதநாள் அறுப்புக்கு இவ வயல்ல எறங்கக் கூடாதில்ல? ஊராளுதானே எறங்கலாம்?"

மண்டபத்தில் யாரும் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அப்பாவும் நினைக்கவில்லை. "அது... அவ வயலையும் நாமளே அறுத்துக் குடுத்துருவோம். அவளுக்கென்ன கொறை," என்றார்.

அக்கா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விருந்தாளியா, மாமா?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். கடையில் கொக் சியோங் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. ஒரு பன்னி மிச்சம்," என்றான்.

"ஒனக்கு மிச்சம்," என்றாள் அக்கா.

அன்றைக்கு அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பட்டிக்குப் போய்ப் பன்றிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், தனக்குச் சொல்வது போலவும் இல்லாமல் பேசினாள். "கானித் என்னைத் திட்டினா பாத்தியா? வயித்துக்குள்ள இருந்து திட்டினா. மாமா மன்னிச்சாரு. அவரு மன்னிச்சதுதாண்டி தாங்க முடியல."

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்குக் கீழே பெரிய அலறல். நாங்கள் படியில் வந்து பார்த்தால், அக்கா ஒரு கொழுத்த வெள்ளைப் பன்றியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு நிற்கிறாள். வயலிலிருந்து எங்கள் வீடு தூரம் என்பதால் பன்றியின் அலறலுக்கு யாரும் வழக்குப் போடவில்லை.

"மாமா, அபராதம் போடுங்க."

"என்னம்மா இது, காலையிலேயே..."

"தப்புப் பண்ணினவ நான். பன்னி இங்க இருக்கு. போடுங்க."

"போட முடியாதும்மா."

"ஏன்?"

அப்பா என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பன்றியைப் பார்த்தார். "சொய்மினைக் கேளு," என்றார் கடைசியில். மன்னித்தது அன்பால் மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பன்றியை எங்கள் வீட்டுத் தூணில் கட்டிவிட்டு மூவருமாகப் போனோம். கொக் சியோங்கும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தான். பொபோலியான் சொய்மின் மூங்கில் தளத்தில் உட்கார்ந்து பாய் முடைந்துகொண்டிருந்தாள். பற்கள் போன வாய். அக்கா கேட்டதைக் கேட்டுவிட்டு, முடைவதை நிறுத்தாமலே பேசினாள்.

"பன்னிய அறுக்கிறப்ப நான் தப்புப் பண்ணினவளோட வழியச் சொல்லணும். இவ யாரு, யாரு மக, அவங்க யாரு மக்கன்னு. அத நூலாப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆவி திரும்பி வரும். ஒங்கம்மா வழி எனக்கு மனப்பாடம், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஒங்கப்பன் வழி?"

"அதயும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியுமா அது? பாதி வழி சொன்னா ஆவி பாதி தூரம் வந்து நின்னுடும். போயிட்ட ஆவியக்கூடச் சமாளிக்கலாம், நடுவழியில நிக்கிற ஆவிய யாரு சமாளிக்கிறது? அதான் ஒங்க மாமன்கிட்ட நேத்தே சொன்னேன், அவள விருந்தாளியா வெச்சு முடிச்சுரு, எல்லாருக்கும் நல்லதுன்னு."

"நான் பேரைக் குடுக்கறேன். நீங்க சொல்லுங்க."

"சீனப் பேரு என் வாய்ல நொழையாது."

"நொழைய வைக்கலாம்."

"நொழைஞ்சாலும் நெல்லுக்குத் தெரியாதுடி. நெல்லு கேட்டதில்ல அந்தப் பேரையெல்லாம். யாரோன்னு நெனச்சு இன்னும் தூரமா ஓடிடும்."

அக்கா மூங்கில் தளத்தில் அவளுக்கு நேராக உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. பேரம் பேசும்போது எப்படிப் பேசுவாளோ அப்படித்தான், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"எங்கப்பா ஆயுசு முழுக்க இந்த நெல்லத்தான் தின்னாரு. அவருக்கு வேற சோறு கெடையாது. செத்ததும் எங்க பொதைச்சோம்? ஒங்களுக்குத் தெரியும், மேல சரிவுல. அவரு மேல பெய்யிற மழை எங்க போகுது? ஓடையில எறங்கி, என் வயலுக்கு வந்து, அங்கேர்ந்து கானித் வயலுக்குப் போகுது. போன கார்த்திகையிலேர்ந்து நெல்லு அவரக் குடிச்சிட்டுத்தான் வளந்துச்சு. அந்த நெல்லுக்கு அவரு பேரு தெரியாதுன்னா எப்படி? நீங்க சொல்லிப் பாக்கவே இல்லையே."

சொய்மினின் விரல்கள் நின்றன. வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"சொல்லு பாப்போம்," என்றாள் சொய்மின்.

"லியூ நியென் ஃபா. எங்கப்பா. அவரோட அப்பா லியூ சின் கியூ. அவரோட அப்பா லியூ தெட் சாங், அவருதான் கப்பல்ல குடாட்டுத் துறைமுகத்துக்கு வந்தவரு."

"லியூ... சிங்கூ."

"சின் கியூ."

"பல்லு இல்லாதவகிட்டப் பல்லால சொல்ற பேரக் குடுக்கிறியே, ஒனக்கு எரக்கமே இல்லையாடி? சி...ன் கியூ."

"அது சரி. அதான்."

கொக் சியோங் அதுவரை தூணில் சாய்ந்திருந்தான். "இரு, இரு. எங்க தாத்தா பேரயா சொல்றாங்க? இங்கயா?" என்று அக்காவிடம் ஹக்காவில் கேட்டான்.

"என் தாத்தாவும்தான்."

தூணை விட்டு நிமிர்ந்தான். "அப்பன்னா சரியாச் சொல்லச் சொல்லு. 'தெட்'ட அந்தம்மா இழுக்கிறாங்க. தாத்தாவோட அப்பா ரொம்பக் கோவக்காரரு." அதற்குப் பிறகு அவனே கீழே உட்கார்ந்து சொய்மினுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டான். அந்தக் காலை முழுவதும் மூங்கில் தளத்திலிருந்து லியூ குலத்து ஆண்களின் பெயர்கள் உடைந்தும் ஒட்டியும் கேட்டுக்கொண்டிருந்தன. நடுநடுவே சொய்மின் அவனையும் திட்டினாள். அவனுக்கு எங்கள் பேச்சு தெரியாதது நல்லதாகப் போயிற்று.

சாயங்காலம் மறுபடி மண்டபம் கூடியது. அப்பா இந்த முறை உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை, எழுந்து நின்றார். சோகித் விதிக்கும்போது அப்பா, அம்மா இரண்டு பக்கமும் பெயர் சொல்லித்தான் விதிக்க வேண்டும். "லியூ நியென் ஃபாவுக்கும் சுமினாவுக்கும் பொறந்த மக மொய்லான், கதிர் பால் பிடிக்கிற நேரத்துல வெடி வெடிச்சு ஊருக்குச் சூடு உண்டாக்கினா. ஒரு பன்னி, ஒரு ஜாடி தாபாய், ஒரு வெள்ளக்கோழி."  சொல்லி முடித்துவிட்டு அக்காவைப் பார்க்காமல், "கொறைக்க முடியாது," என்று கறாராகச் சேர்த்தார்.

"கொறைக்கச் சொல்லி யாரு கேட்டா?" என்றாள் அக்கா. முகம் மலர்ந்து கிடந்தது. தண்டனை வாங்கிய முகம் அப்படி இருந்து யாரும் பார்த்ததில்லை.

"பன்னி எங்க?" என்றாள் கானித்.

"தலைவர் வீட்டுத் தூண்ல கட்டியிருக்கு."

"அந்த வெள்ளப் பன்னியா? அது கடைப் பன்னி. தீவனம் தின்னு ஊதினது. சோகித்துக்குக் கறுப்புப் பன்னி வேணும், நம்ம ஊர்ப் பன்னி, சேம்பந்தண்டு தின்னது. வழக்கம் வழக்கம்தான். நேத்து வெடிச்சிட்டு இன்னிக்கு வெள்ளப் பன்னியா?"

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கானித் சொன்னது சரிதான். அந்த அளவுக்கு வளர்ந்த கறுப்புப் பன்றி அப்போது ஊரில் ஒரே வீட்டில்தான் இருந்தது. அது யார் வீடு என்று சொல்ல வேண்டியதில்லை.

"என்ன வேணும்க்கா?" என்றாள் அக்கா.

"என் கறுப்புக்கு ரெண்டு வெள்ளப் பன்னி."

"அநியாயம்."

"ஊராளு ஊராளுகிட்ட நியாயமா பேசுவாளா? விருந்தாளிக்குத்தான் நியாயம்."

 அக்கா சிரித்தாள். டவுன் வியாபாரிகளையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்தவள் அன்றைக்குப் பேரமே பேசவில்லை. "எடுத்துக்க," என்றாள். கானித்துக்கே அது ஏமாற்றமாக இருந்தது போலத் தெரிந்தது.

அடுத்த நாள் விடிந்து பனி விலகியதும் வரப்பில் கூடினோம். கறுப்புப் பன்றியை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, சொய்மின் உலர்ந்த ஓலைக் கிலுக்கை மெதுவாக ஆட்டிக்கொண்டு பாடத் தொடங்கினாள். அத்தையின் வழி ஓடைத் தண்ணீர் மாதிரி ஓடியது. சுமினா, சுமினாவின் தாய், அவள் தாய், மலை இறங்கி வந்த முதல் பெண் வரைக்கும். அதன்பின் ஒரு மூச்சு எடுத்தாள். 

"லியூ நியென் ஃபா," என்றாள் சொய்மின். "லியூ சின் கியூ. லியூ தெட் சாங், உப்புத்தண்ணி தாண்டி வந்தவன்."

கடைசி மூன்று சொற்களை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகச் சேர்த்தது. அம்மா வழியின் ராகத்தை அப்படியே அப்பா வழிக்கும் போட்டாள். அந்தப் பெயர்கள் அந்த ராகத்தில் கொஞ்சம் முட்டி, பிறகு உட்கார்ந்துகொண்டன. கொக் சியோங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அக்கா சேற்றில் மண்டியிட்டிருந்தாள். அவள் தோள் குலுங்குவதைப் பின்னால் நின்ற நான் மட்டும் பார்த்தேன்.

பன்றியை அறுத்து முடித்ததும் சொய்மின் ஒரு கதிரைக் கிள்ளி நகத்தால் நசுக்கினாள். வெள்ளையாகப் பால் வந்தது. "வந்துருச்சு," என்றாள். கானித் தன் வயலிலும் ஒரு கதிரைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

அங்கேயே மேட்டில் அடுப்பு மூட்டிக் கறி சமைத்தோம். ஊரே சாப்பிட்டது. கொக் சியோங் ஒரு இலை நிறையக் கறி எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டினான். கானித் குறுக்கே வந்து இலையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவ திங்கக் கூடாது. தண்டம் கட்டினவ அவ. கட்டினவ வாயில அந்தக் கறி படக் கூடாது."

"அப்ப இவ என்ன சாப்பிடுவா?" என்று, கானித் சொன்னதை நான் அவனுக்குச் சொன்னதும் அவன் என்னிடம் கேட்டான்.

"வெறும் சோறு. காட்டு மாங்காய் ஊறுகாய்."

அக்கா ஒரு கட்டையில் உட்கார்ந்து வெறும் சோற்றைப் பிசைந்து பிசைந்து சாப்பிட்டாள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவள்கூட அப்படி ருசித்துச் சாப்பிட்டிருக்க மாட்டாள். யாராவது கடந்துபோனால், "கறி எப்படி?" என்று விசாரித்தாள்.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முதல் நாள் அறுப்புக்கு யார் எந்த வரிசையில் நிற்பது என்று தலைவர்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தவர், அக்காவிடம் வந்ததும் தயங்கினார். எங்கே நிறுத்தினால் அவளுக்குப் பிடிக்கும் என்று யோசித்திருப்பார் போலும்.

"எம் பக்கத்துல நிறுத்துங்க, தலைவரே," என்றாள் கானித், வாயில் கறியோடு. "கண்ணு முன்னாடியே வெச்சிருக்கணும் இவள. மறுபடி எதையாவது கொளுத்திடுவா."

"நான் வேகமா அறுப்பேன்," என்றாள் அக்கா. "ஒனக்குப் பொறாமையாயிருக்கும்."

"அறு, அறு. எவ்வளவு அறுக்கிறேன்னு பாக்கத்தானே போறேன்," என்றாள் கானித்.

அப்பா அடுத்த பெயரைச் சொன்னார்.